பத்தொன்பதரை மீட்டர் கயிறு

அந்த வீட்டில் அழைப்பு மணி அடித்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கடைசியாக அடித்தவரும் வீட்டு எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டு வந்த ஒரு கூரியர்காரர்தான். அதனால் அன்று காலை மணி அடித்ததும் தையல் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் ஊசி கதவுக்கு ஓடினாள்.

ஊசி என்பது அவளுடைய அண்ணன் வைத்த பட்டப்பெயர். முப்பது வருஷம் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தவள். ஆளும் ஒல்லி, வாயும் கூர். அண்ணன் இறந்தபோது, ஒரு வாரம் அண்ணிக்குத் துணையாக இருக்கலாம் என்று ஒரே ஒரு பையோடு வந்தாள். அந்த ஒரு வாரம் மூன்று வருஷமாகிவிட்டது. போ என்று அண்ணியும் சொல்லவில்லை, போகிறேன் என்று இவளும் சொல்லவில்லை. ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு சாப்பாட்டு மேசையில் மட்டும் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஒரு வாரமாகத் தூங்காத கண்கள்.

"கயிறு சோதிக்கிற அம்மா வீடு இதுதானே?"

"இதேதான்! வாங்க, வாங்க. அண்ணி, உங்களைத் தேடித்தான்!" என்று ஊசி கூவியது எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அண்ணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருபத்தெட்டு வருஷம் ஒரு கயிறு ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கயிற்றை இயந்திரத்தில் மாட்டி அறும்வரை இழுத்து, ஏன் அறுந்தது என்று எழுதுவதுதான் அவளுடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும், தொழில் துறை அதிகாரி யாராவது புரியாத விபத்தோடு எப்போதாவது வந்து கேட்பதுண்டு. யார் என்ன சொன்னாலும் முதலில், "ம்" என்பாள். அந்த "ம்"முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஊசிக்கு ஒரு துப்பறியும் வேலையாக இருந்தது.

வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னை எல்லாரும் முடிச்சுன்னு கூப்பிடுவாங்கம்மா. உசரமான கட்டடத்துல வெளிக் கண்ணாடி துடைக்கிற வேலை. நான் மொட்டை மாடியில நின்னு கயிறு கட்டுவேன். என் கூட்டாளி நெட்டை, அவன் தொட்டில்ல கீழ இறங்கித் துடைப்பான். இருபத்தோரு வருஷமா இப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை விழுந்துட்டான்."

ஊசி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"தொட்டிலைத் தாங்குற ரெண்டு இரும்புக் கம்பியில ஒண்ணு வழுக்கிடுச்சு. இயந்திரக் கோளாறுதான், அதை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா இயந்திரம் கோளாறு பண்ணும்னுதானே உயிர்க் கயிறுன்னு தனியா ஒண்ணு கட்டுறோம்? அது தொட்டிலைத் தொடக்கூடாது, அதுக்குன்னு தனி வளையம், ஒரு ஆளுக்கு ஒரே கயிறு. நெட்டை பெல்ட்டுல ஒரு பூட்டு இருக்கும். அவன் ஏறினா இறங்கினா அதுவும் கயித்து மேல கூடவே ஓடும். வெடுக்குன்னு இழுத்தா கயித்தைக் கடிச்சுக்கிட்டு நின்னுடும். பூட்டு கடிச்சுதுதாம்மா. ஆனா மேல கயிறு நிக்கல. முழுக் கயிறும் அவனோடவே கீழ வந்துடுச்சு. நுனியில முடிச்சே இல்ல."

"எங்க கட்டியிருந்தீங்க?"

"படிக்கட்டு அறைச் சுவத்துல ஒரு வளையம் பதிச்சிருக்கு. அதுல எட்டு எண் மாதிரி வளைச்சுப் போடுற எட்டு முடிச்சு போட்டு, மிச்ச நுனியில தடுப்பு முடிச்சும் போட்டேன். அதுக்கு முன்னால கயிறு முழுசையும் வெறுங்கையில உருவிப் பார்த்தோம், அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். எங்கயாவது மெத்துன்னு இருக்கா, விறைச்சிருக்கா, வெட்டு இருக்கா, நிறம் மாறியிருக்கான்னு. தினம் பண்றதுதான். அப்புறம் ரெண்டு பேரும் தொங்கி இழுத்துப் பார்த்து அட்டையில கையெழுத்துப் போட்டோம்."

"காலையில மாடியில வேற யாரு இருந்தா?"

"ஏசி மெக்கானிக் ஒருத்தரு. புது இயந்திரம் ஒண்ணை வண்டியில வெச்சு லிஃப்ட்டுல ஏத்திட்டு வந்துட்டாரு. அதை மாடியோட மறு கோடிக்குத் தள்ளணும், நடுவுல எங்க கயிறு போகுது. 'ஆளு தொங்குற வரைக்கும் கயித்தைத் தாண்டி எதுவும் போகாது, ஓரமா வெச்சுட்டு மத்தியானம் வாங்க'ன்னு சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே படிக்கட்டு அறை வாசல்லயே வண்டியை விட்டுட்டாரு."

அண்ணி கொஞ்ச நேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் விழுந்தப்போ நீங்க மாடியில இருந்தீங்களா?"

 அவர் தொடாத தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"இல்லம்மா. சூப்பர்வைசர் போன் பண்ணாரு. தண்ணி வரல, பம்பு அறையில வால்வு ஒட்டிக்கிச்சு, வந்து திறந்துட்டுப் போன்னாரு. மேல நிக்கிறவன் இறங்கக்கூடாது, தெரியும். இருபத்தோரு வருஷத்துல இறங்கினதில்ல. அன்னிக்கு இறங்கினேன். பதினஞ்சு நிமிஷம். வால்வு லேசாத்தான் இருந்துச்சு. திரும்பி வர்றதுக்குள்ள தெருவுல கூச்சல்."

அவர் எழுந்து நின்றுகொண்டார்.

"நான் தப்பிக்கிறதுக்கு வரலம்மா. நாளைக்குச் சாயங்காலம் 'முடிச்சு சரியாப் போடல'ன்னு எழுதி முடிச்சுடப் போறாங்க. எழுதட்டும். நெட்டை சம்சாரம் எனக்குக் கதவைத் திறக்கறதில்ல. வேலை இடத்துல ஒருத்தரும் பேசறதில்ல. அதெல்லாம் போகட்டும். என் முடிச்சு அவிழ்ந்துதா, அது மட்டும் தெரியணும். அவிழ்ந்திருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. தாங்கிக்கிறேன். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல."

"ம்" என்றாள் அண்ணி. பிறகு, "நாளைக்குக் காலையில வர்றோம்" என்றாள்.

'வர்றோம்' என்ற சொல்லைக் கேட்டு ஊசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று முழுக்கச் சந்தேகப் பட்டியல் போட்டாள். முதலில் மெக்கானிக் கோபத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அப்புறம் நெட்டையின் மனைவிமீது யாருக்கோ கண். அதற்கும் அப்புறம், வந்தவரே குற்றவாளி, பரிதாபமாக நடிக்கிறார். அண்ணி எல்லாவற்றுக்கும் ஒரே "ம்" போட்டுவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கட்டடத்தின் கிடங்கறையில் அதிகாரி காத்திருந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். பழைய நாளில் சோதனைக் கூடத்துக்கு மாதிரிகள் அனுப்பியவர்.

"உங்களுக்காகத்தான் திறந்தேன். ஆனா இதுல பெரிசா ஒண்ணும் இல்லம்மா. முடிச்சு நழுவியிருக்கு, அவ்வளவுதான்" என்று முத்திரையைப் பிரித்து, கயிற்றை மேசைமேல் வைத்தார்.

அண்ணி கையுறை போடவில்லை. கயிற்றின் மேல் நுனியை எடுத்து, ஒரு குழந்தையின் நாடி பார்ப்பதுபோல விரல்களால் உருவிக்கொண்டே போனாள். ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். ஊசி பின்னாலேயே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஊசி, இங்க தொட்டுப் பாரு."

நுனிக்குப் பக்கத்தில் கயிறு வழவழவென்று, உருகி ஆறிய பிளாஸ்டிக்போலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பு கயிற்றைச் சுற்றிச் சாய்வாக இரண்டு வளைவு போயிருந்தது. கூடவே செம்பழுப்புக் கறை.

"சூடு பட்டிருக்கு" என்றாள் ஊசி.

"வேகமா உரசினா இந்தக் கயிறு உருகும். இந்த இடத்துலதான் நழுவியிருக்கு. இப்போ இதைப் பாரு."

அங்கிருந்து ஒரு மீட்டர் உள்ளே கயிறு லேசாக நெளிந்திருந்தது. பலநாள் மடித்துவைத்த துணியில் மடிப்பு தங்குமே, அதுபோல ஒரு நெளிவு. அந்த இடத்தில் பளபளப்பும் இல்லை, கறையும் இல்லை.

"இது எட்டு முடிச்சு இருந்த இடம்" என்றாள் அண்ணி.

இன்னும் உருவிக்கொண்டு போனபோது ஓரிடத்தில் பல் பதிந்த தடம் இருந்தது. பூட்டு கடித்த இடம். "நுனியிலேருந்து இது வரைக்கும் அளந்து சொல்லு" என்று அண்ணி சொன்னதும் ஊசி இடுப்புப் பையிலிருந்து தையல் நாடாவை உருவினாள். ஒன்றரை மீட்டர் நாடாவால் பதிமூன்று முறை அளந்து, ஒவ்வொரு முறையும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நிமிர்ந்தாள்.

"பத்தொன்பதரை மீட்டர் அண்ணி. சொட்டுக் கூடக் குறைய இல்ல."

அதிகாரி வாக்குமூலங்களைக் கொடுத்தார். ஊசி உரக்கப் படித்தாள். மெக்கானிக்கின் வாக்குமூலம் நாலே வரி: மாடிக்குப் போனேன், கயிறு வழியில் இருந்ததால் வண்டியைப் படிக்கட்டு அறை வாசலில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டேன், வேறு ஒன்றும் தெரியாது. மேற்பார்வையாளருடையது நீளமானது. "'நான் அன்று மாடிக்குச் செல்லவே இல்லை. தெருவில் வாசலுக்கு எதிரே நின்று வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தொட்டிலின் இடப்பக்கம் சரிந்தது. ஆள் வெளியே சரிந்ததையும், கயிறு அவிழ்ந்து வந்ததையும் என் கண்ணால் கண்டேன்.'"

"ம்" என்றாள் அண்ணி. வழக்கமான "ம்"மைவிட அது கொஞ்சம் நீளமாக இருந்ததை ஊசி கவனித்தாள்.

மூவரும் தெருவுக்கு வந்து, வாசலுக்கு எதிரே கட்டடத்தைப் பார்த்து நின்றார்கள். பன்னிரண்டு மாடி. வலது கைப்பக்கம், கட்டடத்தின் மூலையை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். உயரத்தில் தொட்டில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தின் பக்கம் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு. அதற்குப் பின்னால் ஏழாவது மாடிக் கண்ணாடி ஒன்று பாதி மினுங்கியது, பாதி அழுக்காக இருந்தது. துடைத்த கை நின்றுபோன இடம் சோப்புத் தண்ணீர் காய்ந்த கோடாகத் தெரிந்தது. அதற்குமேல் ஊசியால் பார்க்க முடியவில்லை. கீழே, நடைபாதையில் ஓரிடத்தை மட்டும் ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே ஒன்றுமே இல்லை, கழுவிவிட்டிருந்தார்கள்.

பிறகு மொட்டை மாடி. விபத்து நடந்த அரை மணியில் பூட்டி முத்திரை வைத்த கதவை அதிகாரி திறந்தார். காற்று முகத்தில் அறைந்தது. படிக்கட்டு அறைச் சுவரில் அந்த வளையம்: முலாம் பூசிய, பளபளவென்று, துருவே படாத இரும்பு. அங்கிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஊசி அளந்தாள். எட்டு மீட்டர். கயிறு நடுமாடியில் முழங்கால் உயரத்தில் குறுக்கே போயிருக்க வேண்டும். மாடியின் மறு கோடியில் புத்தம் புது ஏசி இயந்திரம் ஒன்று, வண்டியோடு நின்றது.

கைப்பிடிச் சுவரிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினார்கள். ஏழாம் மாடியின் அந்தச் சோப்புக் கோடு வரைக்கும் பதினேழு மீட்டர்.

ஊசி மட்டும் சுவரின் உட்பக்கமாகக் குனிந்து மோப்பம் பிடிப்பதுபோல நடந்தாள். சுவரை ஒட்டி ஒரு பழைய தண்ணீர்க் குழாய் ஓடியது. உடம்பெல்லாம் துரு. ஓரிடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் துரு வழித்தெடுத்ததுபோலத் தேய்ந்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணி! இங்க வாங்களேன்!"

அண்ணி வந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். முதல் முறையாக "ம்" சொல்லவில்லை. "நல்ல கண்ணு உனக்கு" என்றாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்லியிருப்பதாக அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அதுவரை இரண்டு பெண்களும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே நகரம் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் இவர்களுடையது என்று ஒரு குரலும் இல்லை.

"உங்க அண்ணன் போனன்னிக்கு நான் ஒரு கயித்தை இழுத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் அண்ணி திடீரென்று. "வீட்டுலேருந்து போன் வந்துச்சாம். இயந்திரச் சத்தத்துல கேக்கல. ரெண்டு தடவை வந்துச்சாம்."

மூன்று வருஷத்தில் அண்ணி அண்ணனைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது.  ஊசி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி வாங்கிக் குடித்தாள்.

மூன்று மணிக்கு அதிகாரியோடு மேற்பார்வையாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன். மெக்கானிக் தோளைக் குறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். முடிச்சு கடைசியாக வந்து, யார் பக்கத்திலும் நிற்காமல் கதவோரம் நின்றார்.

"சீக்கிரம் முடிச்சா நல்லது" என்றார் மேற்பார்வையாளர். "முடிச்சு போடத் தெரியாதவனை வேலைக்கு வெச்சது எங்க தப்புதான். ஒத்துக்கிறோம்."

அண்ணி கயிற்றின் நுனியை முடிச்சிடம் கொடுத்தாள்.

"அன்னிக்குக் கட்டினமாதிரியே வளையத்துல கட்டுங்க."

அவர் கயிற்றை வாங்கிக்கொண்டு வளையத்துக்குப் போனார்.  எட்டு முடிச்சு, தடுப்பு முடிச்சு, ஒரு இழுப்பு. முடிச்சு விழுந்த இடம் அந்தப் பழைய நெளிவின் மேலேயே அச்சாகப் பொருந்தியது.

"பார்த்தீங்களா? முடிச்சு இருந்த இடம் இது. இது இழுபட்டு நழுவியிருந்தா இந்த நெளிவெல்லாம் உருகிப் பளபளன்னு ஆகியிருக்கும். ஒரு தேய்மானமும் இல்ல. இந்த முடிச்சு நழுவல. யாரோ உக்காந்து விரலால அவிழ்த்திருக்காங்க."

வளையத்தருகே நின்ற முடிச்சு தலை நிமிர்ந்தார்.

"இப்போ கயித்தைக் கீழ விடுங்க" என்றாள் அண்ணி. ஊசி கயிற்றைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இறக்கினாள். பூட்டு கடித்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிவப்புத் துணி ஒன்பதாம் மாடிக் கண்ணாடியின் எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

"அவர் துடைச்சிட்டிருந்தது ஏழாம் மாடி. பூட்டு கடிச்சது ஒன்பதாம் மாடியிலயா? தொட்டிலை விட்டுட்டுப் பறந்துக்கிட்டா துடைச்சாரு?"

"விழும்போது பூட்டு கயித்துல ஓடியிருக்கும்" என்றார் மேற்பார்வையாளர்.

"விழுறவர் கீழதானே போவாரு? அப்போ தடம் ஏழாம் மாடிக்கும் கீழ இருக்கணும், மேல எப்படி வரும்? வளையத்துலேருந்து சுவருக்கு எட்டு மீட்டர். சுவர் ஏறித் தாண்ட ஒரு மீட்டர். அங்கேருந்து அவர் நின்ன இடத்துக்குப் பதினேழு. மொத்தம் இருபத்தாறு வேணும். ஆனா நுனியிலேருந்து கடிச்ச இடம் வரைக்கும் பத்தொன்பதரைதான் இருக்கு. பதினேழு போனா மிச்சம் ரெண்டரை மீட்டர். அந்த ரெண்டரை மீட்டருக்குள்ள கட்டுறதுக்கு என்ன இருக்கு? இந்தக் குழாய் மட்டும்தான் இருக்கு."

அவள் குழாயின் தேய்ந்த இடத்தைக் காட்டினாள். "கயித்து நுனியில துருக்கறை. வளையத்துல துருவே கிடையாது. குழாயில ரெண்டு சுத்து சுத்தி, மேல ஏதோ ஒரு முடிச்சைப் போட்டிருக்காங்க. கட்டத் தெரிஞ்ச கை இல்ல அது. நெட்டையோட எடை வெடுக்குன்னு விழுந்ததும் உரசி உருகிக்கிட்டே உருவிக்கிட்டுப் போயிடுச்சு."

அதிகாரியின் மீசை அசையவில்லை. "யாரு கட்டினது?" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஏன்னு பாருங்க. கயிறு கட்டின இவர் கீழ போறதுக்கு முன்னால அந்த இயந்திரம் எங்க இருந்துச்சு? படிக்கட்டு அறை வாசல்ல. இவர் சொன்னாரு, மெக்கானிக்கும் எழுதிக் கொடுத்திருக்காரு. விழுந்த அரை மணியில நீங்க கதவுக்கு முத்திரை வெச்சாச்சு. அப்புறம் யாரும் வரல. ஆனா இயந்திரம் அந்தக் கோடியில நிக்குது. கயிறு குறுக்க இருந்த வரைக்கும் அது தாண்ட முடியாது. அதைத் தாண்ட வைக்கத்தான் கயித்தை வளையத்துலேருந்து எடுத்துக் குழாய்க்கு மாத்தியிருக்காங்க. மாத்தவிடாத ஒரே ஆளைக் கீழ கூப்பிட்டுட்டு."

"கூப்பிட்டா? வால்வு ஒட்டிக்கிச்சு, கூப்பிட்டேன்! நான் தெருவுல நின்னுட்டிருந்தேன்!" மேற்பார்வையாளரின் குரல் ஏறியது.

"தெருவுல நின்னு, தொட்டிலோட எந்தப் பக்கம் சரிஞ்சதைப் பார்த்தீங்க?"

"இடப்பக்கம். எழுதியே கொடுத்திருக்கேன்."

"ஊசி, காலையில தெருவுல நின்னப்போ பேருந்து நிறுத்தம் உனக்கு எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு?"

"சோத்துக் கைப்பக்கம் அண்ணி." சொன்ன பிறகுதான் ஊசிக்கே உறைத்தது. "அட! தொட்டில் சரிஞ்சிருக்கறது பேருந்து நிறுத்தத்துப் பக்கம். அப்போ அது வலப்பக்கம்ல!"

"தொங்குறவனோட இடது பக்கத்தைச் சொன்னேன்" என்றார் அவர் அவசரமாக.

"தொங்குறவரும் கண்ணாடியைப் பார்த்துதான் நிப்பாரு, தெருவுல நிக்கிறவரும் கண்ணாடியைப் பார்த்துதான் நிப்பாரு. ரெண்டு பேருக்கும் வலது ஒண்ணுதான்." அண்ணி கைப்பிடிச் சுவரோரம் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். இடது கையைப் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் நீட்டினாள். "இங்க நின்னு குனிஞ்சு பார்த்தவருக்கு மட்டும்தான் அது இடப்பக்கம்."

 காற்றில் கயிறு சுவரில் மோதியது. மெக்கானிக் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"பத்தே நிமிஷம்தான்னாரு" என்றார் முகத்தை மூடிக்கொண்டு. "நீ வண்டியைத் தள்ளு, நான் பார்த்துக்கிறேன்னாரு. சூப்பர்வைசர் லிஃப்ட்டுல வந்தாரு, முடிச்சு படியில இறங்கிட்டிருந்தாரு. நான் வண்டியைத் தாண்டித் தள்ளி முடிச்சேன். திரும்பக் கட்டுங்கன்னு சொன்னேன். அதுக்குள்ள... வாயைத் திறந்தா இந்த ஊர்ல ஒரு கட்டடத்துலயும் வேலை கிடைக்காதுன்னாரு."

"பொய்!" என்றார் மேற்பார்வையாளர். ஆனால் அவர் கண் தன்னையறியாமல் குழாயின் தேய்ந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் இன்னும் முடிக்கவில்லை. "குழாயில கட்டினப்போ கயிறு நிறையக் கீழ இறங்கிடுச்சு. கீழேருந்து கயிறு ரெண்டு தடவை ஆடிச்சு. யாரோ இழுத்துப் பார்த்தமாதிரி. சூப்பர்வைசரும் மேலேருந்து ரெண்டு தடவை ஆட்டினாரு."

முடிச்சு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது எங்க சைகை" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "பேசினா காத்துல கேக்காது. ரெண்டு இழுப்புன்னா, மேல இருக்கியான்னு கேக்கறான். ரெண்டு இழுப்புத் திருப்பிக் கொடுத்தா, இருக்கேன்னு அர்த்தம்."

மேற்பார்வையாளரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி மேற்பார்வையாளரின் இரண்டு போன்களையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "கீழ போலீஸ் இருக்கு, போலாம்" என்றார். அவர்கள் இறங்கிப்போன பிறகு மாடியில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"உங்க முடிச்சு அவிழல" என்றாள் அண்ணி. "அது மட்டும் சொன்னா பாதி உண்மைதான். நீங்க இறங்கினது தப்பு. நீங்க இங்க நின்னிருந்தா கயித்தை யாரும் தொட்டிருக்க முடியாது. அதை என்னால இல்லைன்னு சொல்ல முடியாது."

"தெரியும்மா" என்றார் அவர். "அதைத் தாங்கிக்கலாம். அது என்னுதுதான்."

அவர் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டத் தொடங்கினார். அண்ணியும் ஊசியும் கூடச் சேர்ந்து இழுத்தார்கள்.

சாயங்காலம் அவர் நெட்டையின் வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போகக் கால் வராது என்று அண்ணிக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நாங்களும் வர்றோம்" என்றாள். நாலாவது மாடியில் ஒரு பழுப்புக் கதவு. இரண்டு பெண்களும் படி திரும்பும் இடத்திலேயே நின்றுகொள்ள, அவர் மட்டும் போய்த் தட்டினார். அதிகாரி முன்பே போனில் சொல்லியிருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் திறக்காத கதவு திறந்தது, ஆனால் பாதிதான். நெட்டையின் மனைவி நிலையில் கைவைத்து நின்றாள். அழுது தீர்ந்த முகம்.

"எல்லாம் சொன்னாங்க" என்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன், மறைக்காம சொல்லுங்கண்ணே. கயிறு கீழ இறங்கினப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும். அதான் ரெண்டு தடவை இழுத்துக் கேட்டிருக்கான்."

"பதில் வந்துச்சாமே."

"வந்துச்சு."

"அப்போ என்ன நெனச்சிருப்பாரு?"

ஊசி அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.  மேல்மாடியில் யார் வீட்டு வானொலியோ பாடி ஓய்ந்தது.

"நான் மேல இருக்கேன்னு நெனச்சிருப்பான்" என்றார்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், ஒரு கணக்கு நேரானதுபோல.

"அப்போ பயப்படாமதான் இருந்திருக்காரு" என்றாள்.

கதவை முழுவதும் திறந்து, "உள்ள வாங்க" என்றாள். அவரால் நிலையைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே, வாசல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்து, எதிர்ச்சுவரில் சாய்ந்து, அவளும் உட்கார்ந்தாள்.